“உங்க குரோம் பழசாயிடுச்சு”ன்னு வந்தா அமுக்கலாமா?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: “ஒரு சைட்டைத் திறந்தா ‘குரோம் பழசாயிடுச்சு, உடனே அப்டேட் பண்ணுங்க’ன்னு பட்டன் வருது. அமுக்கலாமா? ஆன்டிவைரஸ் இருக்கே, ரான்சம்வேர் வராதுல்ல?”

அமுக்கவே கூடாதுங்க. ரான்சம்வேர்னா உங்க ஃபைலை எல்லாம் பூட்டிட்டு, திறக்கக் காசு கேட்கிற வைரஸ். நீங்க பார்க்கிற பக்கத்துக்கு நடுவுல குரோம் அப்டேட் வராது. மேல வலது பக்கம் மூணு புள்ளியை அமுக்கி, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம் போங்க. அப்டேட் இருந்தா அங்கேயே தானா இறங்கும். விண்டோஸுக்கு செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் மட்டும்தான். ஃபைலை டவுன்லோட் பண்ணி ரன் பண்ணச் சொன்னாலே அது போலி. 2022-ல மேக்னிபர்ங்கிற ரான்சம்வேர் இப்படித்தான், அப்டேட் மாதிரி பேர் வச்ச எம்எஸ்ஐ ஃபைலா (சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வந்துச்சு. இப்போ இன்னொரு வகையும் சுத்துது: விண்டோஸ் கீயும் R எழுத்தும் சேர்த்து அமுக்கு, கன்ட்ரோல் வி போடு, என்டர் தட்டுன்னு சொல்லும். அப்படிச் செஞ்சா வைரஸை நீங்களே ஓட விடுறீங்க. பக்கம் முழுத் திரையையும் மூடிக்கிட்டா ஆல்ட் எஃப்4 போடுங்க.

வீட்டு கம்ப்யூட்டர்ல நிறைய பேரைக் கெடுத்தது ஸ்டாப் டிஜேவியூங்கிற ரான்சம்வேர். அது பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர் (காசு கட்டாம ஓட்ட லாக்கை உடைச்சது) வழியா வரும். உள்ள வந்ததும் விண்டோஸ் அப்டேட் ஓடுற மாதிரி ஒரு விண்டோ காட்டும். கம்ப்யூட்டர் மெதுவாகும்போது நீங்க சந்தேகப்படக் கூடாதுல்ல, அதுக்காக. பின்னால ஃபைல் எல்லாம் பூட்டிக்கிட்டே போகும். கிராக் போடுறவங்க ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்வாங்க, நாமளும் பண்ணிடுறோம். அப்புறம் அது இருந்தும் என்ன பயன்?

விண்டோஸ் செக்யூரிட்டில வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் போய், கடைசில ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்ல கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸை ஆன் பண்ணுங்க. விண்டோஸோட கூடவே வர்ற டிஃபெண்டர்தான் உங்க ஆன்டிவைரஸா இருந்தா மட்டும் இது வேலை செய்யும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்களைத் தானா காக்கும். டி டிரைவ்ல போட்டோ வச்சிருந்தா அந்த ஃபோல்டரை நீங்கதான் சேர்க்கணும். சில பழைய சாஃப்ட்வேர்ல ஃபைல் சேவ் ஆகாம போகலாம். அப்போ அந்த ஒண்ணுக்கு மட்டும் அலவ் கொடுங்க, மொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க.

இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படுறது பேக்கப். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணுங்க, முடிஞ்சதும் கழட்டி வைங்க. சொருகியே இருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும். விண்டோஸ் எடுத்து வைக்கிற ஷேடோ காப்பியையும் (ஃபைல்களோட பழைய நகல்) இந்த மாதிரி வைரஸ் முதல்லயே அழிச்சிடும். சிங்க் ஆகிற கிளவுட் ஃபோல்டர்லயும் பூட்டின ஃபைல்தான் போய் உட்காரும். பழைய வெர்ஷனை எடுக்கலாம், ஆனா கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தா முதல்ல நெட்டைத் துண்டிங்க. டிஜேவியூ 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துல கட்டினா பாதின்னு அவசரப்படுத்தும். கட்டாதீங்க, கட்டினாலும் சாவி வரும்னு உறுதி கிடையாது. பூட்டின ஃபைலையும் ரீட்மீ குறிப்பையும் அழிக்காம வைங்க. குறிப்புல இருக்கிற ஐடி t1-ன்னு முடிஞ்சா ஆஃப்லைன் சாவில, அதாவது பல பேருக்கும் பொதுவான ஒரே சாவில பூட்டியிருக்குன்னு அர்த்தம். அந்தச் சாவி கிடைச்சிருந்தா எம்சிசாஃப்ட்ங்கிற பாதுகாப்பு கம்பெனியோட இலவச டூல் திறந்துடும். எந்த வைரஸ்னே தெரியலைன்னா நோ மோர் ரான்சம் தளத்துல ஒரு ஃபைலைப் போட்டுப் பாருங்க. பல சமயம் கூடவே பாஸ்வேர்டு திருடுற வைரஸும் இறங்கியிருக்கும். அதனால மெயில், பேங்க் பாஸ்வேர்டை எல்லாம் போன்ல இருந்து மாத்துங்க, அந்த கம்ப்யூட்டர்ல வேண்டாம்.