மெமோ வந்தால் முதலில் என்ன எழுதுவது?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நர்ஸ் என்றாலே தியாகம், சேவை என்று பேசுவது வழக்கம். அதை மே மாதம் செவிலியர் தினத்தில் நிறையப் பேர் பேசுவார்கள். நான் இன்று பேச வந்தது மெமோவைப் பற்றி, அதாவது புகார் வந்தால் விளக்கம் கேட்டு நிர்வாகம் கொடுக்கும் கடிதத்தைப் பற்றி.

காங்கயம், தாராபுரம் பக்கம் காட்டை அடமானம் வைத்து மகளை நர்சிங் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பெண் மீது ஒரு நாள் புகார் வருகிறது: மருந்து மாறிவிட்டது, நோயாளியைக் கவனிக்கவில்லை, மரியாதையில்லாமல் பேசினாள். உடனே வீட்டில் எல்லோரும் வேலை போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். வேலை போனால் ஈரோட்டில் இல்லாவிட்டால் திருப்பூரில் இன்னொன்று கிடைக்கும். பதிவு போனால் நர்ஸ் என்று எங்குமே வேலை பார்க்க முடியாது. வேலையை மருத்துவமனை பறிக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அது நர்ஸ்களைப் பதிவு செய்கிற, சென்னையிலுள்ள செவிலியர் குழுமத்தின் கையில் இருக்கிறது. அதற்கு அடிப்படை 1926ஆம் ஆண்டுச் சட்டம். "உன் லைசென்சையே ரத்து செய்துவிடுவேன்" என்று மேலாளர் மிரட்டினால், அவரால் புகார் அனுப்பத்தான் முடியும். குழுமமும் உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ஆனால் அந்தப் புகாரோடு என்ன காகிதம் போகிறது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு தனியார் மருத்துவமனை. ஊரும் பேரும் வேண்டாம். இரவுப் பணி. கூட இருந்த நர்ஸை அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டு முழுக்க ஒரே பெண். ஒரு கட்டிலில் மூச்சுத்திணறல். அவள் அங்கே ஓடி, டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவர் தானாக இறங்கப் பார்த்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. விடிவதற்குள் உறவினர்கள் வந்து சத்தம் போட்டார்கள். நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் அந்தப் பெண்ணை அறைக்குள் அழைத்து, "அம்மணி, என் கவனக்குறைவுதான், மன்னிக்கவும் என்று நான்கு வரி எழுதிக் கொடு. அவர்களைச் சமாதானப்படுத்தத்தான். இதோடு முடிந்துவிடும்" என்றார். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்று பிள்ளைகளை வளர்க்கிற சீமை நம்முடையது. எழுதிக் கொடுத்துவிட்டாள்.

முடியவில்லை. சில மாதம் கழித்து விசாரணை வைத்தபோது கோப்பில் முதல் தாளே அந்த நான்கு வரிதான். தனியாக இருந்ததும் மூச்சுத்திணறலும் அதில் இல்லை. நான் துணைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளைக் காப்பாற்றியது அன்றிரவு அவளே நர்ஸஸ் சார்ட்டில், அதாவது நோயாளிக்குச் செய்ததை நர்ஸ் எழுதும் தாளில், எழுதிவைத்த குறிப்பு: கட்டில் தடுப்புகளை ஏற்றிய நேரம், டாக்டரைக் கூப்பிட்ட நேரம், அவர் வந்த நேரம். டியூட்டி பட்டியலும் ஒத்துப்போனது. வேலையை அவளே விட்டுவிட்டாள். பதிவு அப்படியே இருக்கிறது.

ஆகவே சொல்கிறேன்: அந்த இரவில், அந்த அறையில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். "குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், தொடர்புடைய ஆவணங்களின் நகல் கொடுங்கள், பதில் எழுத அவகாசம் கொடுங்கள்" என்று மட்டும் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டால் தருகிறோம் என்கிற இடங்களும் உண்டு. அப்போதும் அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று, சார்ட்டைத் தொடாதீர்கள். விட்டுப்போனது நினைவுக்கு வந்தால், இப்போதைய தேதி, நேரம் போட்டு, தாமதமாக எழுதுகிறேன் என்று சொல்லியே எழுதுங்கள். பிழையை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளை மை பூசினால் நடந்த தவறு சிறிதாகவும் மறைத்தது பெரிதாகவும் ஆகிவிடும். செல்போனில் கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வேண்டாம். நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டதாக அது தனிக் குற்றச்சாட்டாகும். போனில் டாக்டர் சொன்ன மருந்தா? சொன்னவர் பெயர், நேரம், அளவு, மூன்றையும் எழுதுங்கள். அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். என் மாணவிகள் இதைக் கேட்டுக்கேட்டுச் சலித்தவர்கள். நீங்களும் சலித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அரசு மருத்துவமனை என்றால், அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் விதியான 17(பி) என்ற பெயரைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். பணிநீக்கம் வரை போகக்கூடியது என்பதால் பயம் நியாயமானதுதான். ஆனால் அதில் முறையான விசாரணை உண்டு, சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது.

நோயாளி இறந்து, போலீஸ் வரை போனால் வழக்கறிஞர் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்தால் 2 ஆண்டு வரை. அந்தச் சலுகையில் செவிலியர் இல்லை. ஒரே கட்டிலின் இருபுறமும் நின்றவர்களுக்கு இரு அளவுகோல்! இதைப் பற்றியே தனியாகப் பேசலாம்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். பதிவு புதுப்பித்தல் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: திருமணமாகி வீடு மாறியவர்கள், விடுதியை விட்டு வந்தவர்கள், குழுமத்தில் உங்கள் முகவரியை மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால், பதில் சொல்லவில்லை என்று எழுதிவிடுவார்கள். வணக்கம்.