ஒரே கத்தரிக்கோல்

நேயர்களுக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தியவனைக் கூப்பிட்டு, கரும்பலகையும் சாக்பீசும் இல்லாத அறையில் உட்கார வைத்து, பத்து நிமிடம் பேசுங்கள் என்கிறார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. படம் போடாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ, போய்ப் பார்க்கிறேன்.

1979ஆம் ஆண்டு. நான் ஹவுஸ் சர்ஜன். தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் டெட்டனஸ் வார்டில் இரவுப்பணி. மற்றக் கட்டடங்களை விட்டு விலகி, வேப்பமரங்களுக்குப் பின்னால் இருந்தது அந்த வார்டு. தொற்றிக்கொள்ளும் என்று பயந்து அங்கே வைக்கவில்லை. டெட்டனஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவே தொற்றாது. சத்தத்துக்குப் பயந்துதான். கதவு படாரென்று அடித்தால், தட்டு ஒன்று கீழே விழுந்தால், சட்டென்று விளக்கைப் போட்டால் போதும். படுத்திருப்பவரின் உடம்பு மொத்தமும் இழுத்துக்கொண்டு விறைத்துவிடும். அதனால் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி, பகலிலும் இருட்டு.

அந்த வார்டில் மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். பேராசிரியரே வந்தாலும் செருப்பை வாசலில் கழற்ற வைப்பார். கதவுத் தாழ்ப்பாளுக்குப் பஞ்சு சுற்றி நூலால் கட்டியிருப்பார். எனாமல் தட்டில் துணியை நான்காக மடித்து விரித்து, அதன்மேல்தான் கண்ணாடிச் சிரிஞ்சை வைப்பார். அலமாரிச் சாவிகளை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பார், ஒன்றோடொன்று உரசிக் கிலுங்காமல் இருக்க. அந்த நோயைப் பற்றி எனக்கு முதல் பாடம் நடத்தியது அந்தக் கைக்குட்டை முடிச்சுத்தான்.

ஒரு நாள் கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவர் தானாகவே நடந்து வந்தார். மூன்று நாளாக வாய் திறக்க வரவில்லையாம். பல்வலி என்று நினைத்து முதலில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சியைப் பல் இடுக்கு வழியாக விட்டு, தொண்டையின் பின்பக்கத்தை லேசாகத் தொட்டேன். உங்களுக்கோ எனக்கோ அப்படித் தொட்டால் ஓங்கரிக்கும். வாய் தானாகத் திறக்கும். அவர் குச்சியைக் கடித்துவிட்டார். விட முடியவில்லை. குச்சியின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் பல்லில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர் முகத்தில் வலியைவிட வெட்கம்தான் தெரிந்தது. கொஞ்சம் தளர்ந்ததும் பல்லுக்குள்ளேயே சொன்னார்: "நான் கடிக்கவில்லை ஐயா, அதுவாகக் கடித்துவிட்டது."

அதுவாக ஏன் கடித்தது? அந்த இரவு எனக்கு முழு விடை தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது.

காலில் தேடியபோது பத்து நாளுக்கு முந்தைய கருவேல முள் காயம் ஒன்று கிடைத்தது, ஏறக்குறைய ஆறிப்போய். இந்த இடத்தில் என் பழைய வழக்கு ஒன்று உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் டி.டி. ஊசி போட ஓடிவருகிறோம். துருவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் கிடையாது. இந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. காற்றுப் படாத ஆழமான காயம் கிடைத்தால் முளைக்கும், நஞ்சைச் சுரக்கும். ஆணி புத்தம் புதிதாக இருந்தாலும் அதில் மண் இருக்கலாம். முள் துருப்பிடிக்குமா, சொல்லுங்கள்!

இப்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் வேண்டாம். வலக்கை முழங்கையை மடக்கி, இடக்கையால் மேற்கையைப் பிடித்துப் பாருங்கள். முன்பக்கத் தசை திரண்டிருக்கும். பின்பக்கத் தசை தளர்ந்திருக்கும். மடக்கு என்று முன்பக்கத்துக்குக் கட்டளை போகும் அதே நொடியில், நீ சும்மா இரு என்று பின்பக்கத்தை அடக்கும் கட்டளையும் தண்டுவடத்துக்குள் ஓடுகிறது. நமது ஒவ்வோர் அசைவிலும் ஒரு 'செய்'யும் ஒரு 'வேண்டாம்' என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. டெட்டனஸ் நஞ்சு அந்த 'வேண்டாம்' என்பதை எடுத்துவிடுகிறது. அப்புறம் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். வலுவான தசை வெல்லும். வாயைத் திறக்கும் தசையைவிட மூடும் தசை வலுவானது, ஆகவே தாடை பூட்டிக்கொள்கிறது. முதுகுத் தசை வயிற்றுத் தசையைவிட வலுவானது, ஆகவே உடல் பின்னோக்கி வில்லாக வளைகிறது. நம் பெரியவர்கள் இதற்கு வில்வாதம் என்று பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்புவலி என்பார்கள். ஆனால் நோயின் வடிவத்தையே பெயராக்கிய வில்வாதம்தான் எனக்குப் பிடித்தது.

அந்த 'வேண்டாம்' எப்படித் தொலைகிறது? நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. நரம்பின் செய்தி அதைத் தாண்டியாக வேண்டும். நரம்பு முனைக்குள் நுண்ணிய பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம், ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். பை நரம்பின் சுவரோடு ஒட்டிக் கலந்து வாயைத் திறந்தால் ரசாயனம் வெளியே கொட்டும், தசை சுருங்கும். தண்டுவடத்துக்குள் ஒரு நரம்பு இன்னொரு நரம்பை அடக்குவதும் இதே ஏற்பாட்டில்தான், ரசாயனம் மட்டும் வேறு.

பையைச் சுவரோடு ஒட்டவைப்பது எது? பெண் பிள்ளைகளுக்குச் சடை பின்னுவோமே, மூன்று கால் எடுத்து, அதேதான். மூன்று புரதங்கள். ஒன்று பையின் மேல் இருக்கிறது, மற்ற இரண்டும் சுவரின் பக்கம். மூன்றும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ள, பின்னல் இறுக இறுகப் பை சுவருக்கு அருகே இழுபட்டுக் கலந்துவிடுகிறது. நஞ்சு ஒரு கத்தரிக்கோல். மூன்று காலில் ஒன்றை நறுக்குகிறது. சடை பின்ன முடியாது. பை நிறைய ரசாயனம் இருந்தும் திறக்க வழியில்லை. மறுபடி சொல்கிறேன்: நரம்பு சாகவில்லை, தசையும் சாகவில்லை. நடுவே கொடுக்கல் வாங்கல் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

டெட்டனஸ் கிருமிக்கு ஓர் உறவுக்கார கிருமி உண்டு, பாட்டுலினம். 1895 டிசம்பரில் பெல்ஜியம் நாட்டின் எல்லெசெல் என்ற ஊரில், இறுதிச் சடங்கு ஒன்றுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டார்கள். கண்ணிமை சரிந்தது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, விழுங்க முடியவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அந்த இறைச்சியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். இது உடம்பைத் துணிபோலத் துவள வைக்கும் நஞ்சு. கண்ணில் தொடங்கிக் கீழே இறங்கும். கடைசியில் மூச்சு நிற்கும். அதுவரை நினைவு தெளிவாக இருக்கும். மனிதர் அறிந்த நஞ்சுகளில் இதைவிடக் கொடியது இல்லை.

ஒன்று விறைக்க வைக்கிறது. மற்றொன்று துவள வைக்கிறது. நேர் எதிர். இரண்டும் வேறு வேறு வகை நஞ்சு என்றுதான் நானும் பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். 1992இல் இத்தாலியின் பாதுவா நகரத்து மோந்தெகூக்கோ குழுவினரின் கட்டுரை வந்தது. டெட்டனஸ் நஞ்சும், பாட்டுலினத்தின் பல வகைகளில் 'பி' என்னும் வகையும், பையின் மேலுள்ள அதே புரதத்தை அதே இடத்தில் வெட்டுகின்றன! ஒரே கத்தரிக்கோல், ஒரே வெட்டு. கல்லூரி நூலகத்தில் அதைப் படித்தபோது பதின்மூன்று ஆண்டுக்கு முந்தைய மரக்குச்சி ஞாபகம் வந்தது.

வித்தியாசம், உடம்பின் எந்த இடத்தில் போய் வெட்டுகிறது என்பதில்தான். பாட்டுலின நஞ்சு தசையோரத்து நரம்பு முனையில் நுழைந்து அங்கேயே வெட்டுகிறது. 'செய்' என்ற சொல் தசைக்குப் போகாது. டெட்டனஸ் நஞ்சும் அதே முனையில்தான் நுழைகிறது, ஆனால் அங்கே இறங்குவதில்லை. நரம்புக்குள்ளேயே பயணம் செய்து தண்டுவடம் வரை ஏறி, பக்கத்திலிருக்கும் அடக்கும் நரம்பணுவுக்குள் தாவி, அங்கே வெட்டுகிறது. 'வேண்டாம்' என்ற சொல் அறுந்துபோகிறது. முள் காலில், பூட்டு தாடையில், அது எப்படி என்று கேட்பீர்கள். நஞ்சு ரத்தத்தில் கலந்து எல்லா நரம்பு முனைகளுக்கும் போகிறது. தாடை நரம்பு மிகக் குட்டையானது. குறுக்குவழிக்காரன் முதலில் வந்து சேர்கிறான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். சரி, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிணறு வெட்டியவர் பிழைத்தார், நான்கு வாரம் ஆனது. வீட்டுக்குப் புறப்படும்போது சிஸ்டர் அவருக்கு டி.டி. ஊசியும் போட்டு அனுப்பினார். நோய் வந்து போனாலும் எதிர்ப்பு வராது. ஆளைச் சாய்க்கும் அளவு நஞ்சுகூட, உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கக் கற்றுக்கொள்ளப் போதாது.

பாட்டுலின நஞ்சையே மிக நுண்ணிய அளவில் மருந்தாக்கலாம் என்று சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்குச் செலுத்திக் காட்டினார். 1989இல் அமெரிக்கா அனுமதித்தது. நெற்றிச் சுருக்கத்துக்கு நடிகர்கள் போட்டுக்கொள்ளும் போடாக்ஸ் இதுதான். நரம்பு மீண்டுவிடுவதால் மூன்று நான்கு மாதத்தில் சுருக்கம் திரும்பிவிடும். நம் ஊறுகாயைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன். அதன் புளிப்பிலும் உப்பிலும் இந்தக் கிருமி வளராது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஒரு விரல்தான் காட்டுகிறார் இப்போது. தேன். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிறோமே, அதில் தேன் வேண்டாம். தேனில் பாட்டுலின வித்துகள் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து அங்கேயே நஞ்சைச் சுரக்கும். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். பாட்டிமார் கோபித்துக்கொண்டால் வானொலியில் ஒரு கிழவன் சொன்னான் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். சிவப்பு விளக்கு அணையப் போகிறது, வணக்கம்.