நடு நான்கு அத்தியாயங்கள்

விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, எனக்கு முன்பு அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய தம்பிக்கும் நன்றி.

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவல் பற்றி இரண்டு செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, அவருடைய முன்னோர். இரண்டு, நாவலில் வரும் போதகர் டிம்ஸ்டேல். 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதி ஜான் ஹாதார்ன் இவருடைய மூதாதை. அந்தக் குடும்பப் பாரம் நாவல் முழுக்கத் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று கேட்பார்கள் நம் வீடுகளில். 9 முதல் 12 வரையுள்ள அத்தியாயங்களைத் திறந்தால் அதுதான் நடக்கிறது. கணவன் அல்லாத ஒருவருக்குப் பிள்ளை பெற்றாள் என்று ஊர் தண்டித்த கதைநாயகி ஹெஸ்டரின் குழந்தைக்கு, ஊருக்குத் தெரியாத தகப்பன் டிம்ஸ்டேல். அவர் பிரசங்க மேடையில் நின்று, 'நான் மகா பாவி' என்றே சொல்கிறார். சபை என்ன செய்தது? எவ்வளவு தாழ்மை என்று இன்னும் அதிகமாகக் கும்பிட்டது! பூசணிக்காயை இலையில் எடுத்து வைத்தும் சோறு என்று நினைத்துவிட்டார்கள்.

அப்புறம் 12ஆம் அத்தியாயம். மே மாத இரவு. ஏழு வருடங்களுக்கு முன் ஹெஸ்டர் பட்டப்பகலில் கைக்குழந்தையோடு நின்ற அதே தண்டனை மேடையில், இருட்டில், தன்னந்தனியாக ஏறுகிறார் டிம்ஸ்டேல். வாய்விட்டு அலறுகிறார். ஊரே எழுந்து வரும் என்று நினைக்கிறார். ஆளுநர் பெல்லிங்ஹாம் வெள்ளைக் குல்லாயும் கையில் விளக்குமாக ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார், உள்ளே போய்விடுகிறார். மூத்த போதகர் வில்சன் லாந்தரோடு அந்த வழியே நடக்கிறார், தலை நிமிரவில்லை. ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பும் ஹெஸ்டரும் சிறுமி பேர்லும் மேடையேறி அவர் கையைப் பிடிக்கிறார்கள். பேர்ல் கேட்கிறாள்: நாளை மத்தியானம் அம்மாவோடும் என்னோடும் இங்கே நிற்பீர்களா? மாட்டேன் என்கிறார். நியாயத்தீர்ப்பு நாளில் நிற்பாராம்! அந்தக் குழந்தை கையை உருவிக்கொள்ளப் பார்க்கிறது.

மறுநாள் அவருடைய பிரசங்கம் என்றுமில்லாத அளவுக்கு உருக்குகிறது. படியிறங்கும்போது நரைத்த தாடியோடு தேவாலய ஊழியர் எதிரே வந்து கறுப்புக் கையுறை ஒன்றை நீட்டுகிறார். ஐயா, இது தண்டனை மேடையில் கிடந்தது, சாத்தான் திருடிக்கொண்டுபோய்ப் போட்டிருப்பான் என்கிறார். 'என் கையுறைதான்' என்று வாங்கிக்கொள்கிறார் போதகர். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

முதல்வர் அம்மா, நம் பிள்ளைகள் வாங்கும் கைடில் இந்தக் கையுறை இல்லை. நான் புரட்டிப் பார்த்தேன். நான்கு அத்தியாயங்களும் 'டிம்ஸ்டேலின் மனப் போராட்டம்' என்று பத்து வரியில் முடிந்துவிட்டன. முழுப் பூசணிக்காயையும் அந்தப் பத்து வரிக்குள் மறைத்துவிட்டார்கள். இதைப் படித்து மதிப்பெண் வாங்கும் பிள்ளை ஹாதார்னைப் படித்ததாகச் சொல்லலாமா?

வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள் அம்மா. மூலத்தை வாய்விட்டு வாசிக்கட்டும், விளக்கம் பிறகு. நூலகர் ஐயா, சனிக்கிழமை மாலை உங்கள் கூடத்தைத் தாருங்கள், பிரதிகளை நான் கொண்டுவருகிறேன். வரும் வாரமே 9ஆம் அத்தியாயத்தில் தொடங்கலாம். நன்றி, வணக்கம்.