மோட்டார்ஹோமில் சீபாப்: பேட்டரி இரவு முழுக்கத் தாங்குமா?

அடுத்த கேள்வி நம்ம சிங்கப்பூர் யீஷூனில் இருந்து ஒரு தங்கை அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, ஜூன் விடுமுறைக்கு நியூசிலாந்து போகிறோம். தென் தீவில் 8 நாள், கேம்பர்வேன் பதிவு செய்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சீபாப் மெஷின் இல்லாமல் படுக்க மாட்டார். வண்டி பேட்டரியில் அது ராத்திரி முழுக்க ஓடுமா? இல்லை, தினமும் காசு கட்டி கரண்ட் இருக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டுமா?"

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சீபாப் என்பது தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க, ட்யூபும் முகமூடியும் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் மெஷின். வீட்டுக்காரர் படுக்க மாட்டார் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் கதை வேறு. நான் சீபாப் போடாவிட்டால் என் மனைவி படுக்க முடியாது, அவ்வளவு குறட்டை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. கப்பல் பட்டறையில் எலெக்ட்ரிகல் வேலை பார்த்தவன், ஆறு வருடமாக சீபாப் மாட்டிக்கொண்டு தூங்குகிறவன். அந்த அளவில் சொல்கிறேன். ஓடும். தாராளமாக ஓடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று, காற்றை ஊதுவது. இன்னொன்று, தண்ணீரைச் சூடாக்கி அந்தக் காற்றுக்கு ஈரம் கொடுப்பது. ஊதுகிற மோட்டார் பாவம், பறவை தின்கிற மாதிரி கொஞ்சம்தான் தின்னும். மெஷினில் காற்றின் அழுத்தத்தை 10 என்று வைத்திருந்தால் சுமார் 8, 10 வாட். தண்ணீர்ச் சூடும் ட்யூப் சூடும் சேர்ந்தால் குளிரில் அது 40 வாட்டுக்குப் போய்விடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 10 வாட், 8 மணி நேரம் என்றால் 80 வாட்-ஹவர். பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-ஹவரில் சொல்வார்கள், அதனால் 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 7 ஆம்பியர்-ஹவர். அதே 8 மணி நேரம் 40 வாட்டில் ஓடினால் 27. வாடகை வண்டியில் 100 ஆம்பியர்-ஹவர் ஏஜிஎம் பேட்டரி, அதாவது மூடி வைத்த ஈய-அமில வகை, ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 100 என்று எழுதியிருந்தாலும் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது, அந்த வகை பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். லித்தியமாக இருந்தால் 80, 90 வரை எடுக்கலாம். ஆக ஏஜிஎம் என்றால் உங்கள் கையில் இருப்பது 50. அதில் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும், ஹீட்டர் விசிறி ஓட வேண்டும், பிள்ளைகள் ஃபோனுக்கு சார்ஜ் போடுவார்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் முதல் பயணத்தில் டெக்காபோ ஏரிக்கரை. வீட்டில் வைத்திருந்த அதே செட்டிங்கில் படுத்தேன். விடியற்காலை மூன்றரைக்கு மூச்சு முட்டி எழுந்தேன். மெஷின் நின்றுபோயிருந்தது, ஹீட்டரும் நின்றுபோயிருந்தது. மனைவி போர்வைக்குள் இருந்துகொண்டே, "எலெக்ட்ரிகல் மாஸ்டர், என்ன ஆச்சு?" என்றாள். தப்பு முழுக்க என்னுடையது. தண்ணீர்ச் சூட்டை அணைக்கவில்லை. அது போதாதென்று இன்வெர்ட்டர் வழியாக வேறு ஓட்டியிருந்தேன்.

அந்த இன்வெர்ட்டர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட் டிசி. இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏசியாக்குகிறது. உங்கள் மெஷினோடு வந்த அடாப்டர் அதை மறுபடி 24 வோல்ட் டிசியாக்குகிறது. ஜூரோங்கில் இருந்து பக்கத்தில் உள்ள பூன் லேவுக்குப் போக, தீவின் மறுகோடியில் உள்ள சாங்கியைச் சுற்றுகிற கதை. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சூடாகி வீணாகும், அதோடு இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே தனக்கென்று சில வாட் தின்னும். இதற்குப் பதில் உங்கள் மெஷின் கம்பெனியே விற்கும் 12 வோல்ட் டிசி கன்வெர்ட்டரை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சாமான். மாடலைச் சொல்லி வாங்குங்கள். உதாரணமாக, ஏர்சென்ஸ் 10 என்ற சீபாப் மாடலுக்கு உள்ளது ஏர்சென்ஸ் 11-க்குப் பொருந்தாது, முனையே வேறு. பவர் எவ்வளவு என்று தெரியாமல் சிம் லிம் டவரில் கிடைத்ததை ஒட்டவைத்து ஓட்டாதீர்கள். எனக்கு அந்தக் கடைகள் மேல் கொள்ளை ஆசை, ஆனால் மூச்சு விஷயத்தில் வேண்டாம்.

எந்த சாக்கெட்டில் செருகுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்டியரிங் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் இஞ்சினைக் கிளப்பும் பேட்டரியோடு சேர்ந்தது. சில வண்டிகளில் சாவியை எடுத்தாலே அது செத்துவிடும். எடுத்த பிறகும் உயிரோடு இருந்தால் இன்னும் மோசம், காலையில் வண்டி கிளம்பாது. பின்னால், படுக்கைப் பக்கம் உள்ள, ஃபிரிட்ஜ் ஓடுகிற உள் பேட்டரியோடு சேர்ந்த சாக்கெட்தான் வேண்டும். அது எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி ஏஜிஎம்மா லித்தியமா என்று வாடகைக் கம்பெனிக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். தூரமாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் ஒயர் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கி, பேட்டரியில் சத்து இருந்தும் மெஷின் "பவர் இல்லை" என்று அடம்பிடிக்கும். இன்னொன்று, சுவரில் இருக்கிற 230 வோல்ட் சாக்கெட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல வண்டிகளில் வெளியே கரண்டில் செருகினால்தான் அதற்கு உயிர் வரும்.

சூட்டை அணைத்தால் மூக்கு காயாதா என்பீர்கள். காயும், கொஞ்சம். சூடு இல்லாமலே தொட்டியில் தண்ணீர் விட்டு வைத்தால், காற்று அதன் மேல் போகும்போது ஓரளவு ஈரம் எடுத்துக்கொள்ளும். ட்யூபைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குளிரில் உள்ளே நீர் கோத்து முகத்தில் சொட்டும். மெஷினைத் தலைக்குக் கீழான மட்டத்தில் வையுங்கள். சூட்டை அணைக்கலாமா என்று அவர் பார்க்கும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நாலைந்து நாள் சூடில்லாமல் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் வாட் மீட்டரைச் செருகி அளந்தும் பார்க்கலாம். ஆனால் ஒன்று, நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏர்கான் இல்லாமல் அளந்தால் தண்ணீர்ச் சூடு குறைவாகத்தான் காட்டும். இங்கே காற்றே வெதுவெதுப்பு, ஏற்கனவே ஈரம். அந்த எண்ணை நம்பி தென் தீவின் ஜூன் குளிருக்குப் போனால் என் டெக்காபோ கதைதான்.

தினமும் காசு கட்ட வேண்டியதில்லை. கிரைஸ்ட்சர்ச்சில் இருந்து டெக்காபோ மூன்று மணி நேர ஓட்டம். ஓடும்போதே உள் பேட்டரியும் ஏறிவிடும். ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்கினால்தான் கவனம். மவுண்ட் குக் அடிவாரத்து ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் கரண்ட் கிடையாது, கூரையில் சோலார் இருந்தாலும் ஜூனில் வெயில் தாழ்ந்து, பகலும் குட்டை. அதனால் அங்கே ஒரு ராத்திரி, அடுத்த ராத்திரி கரண்ட் உள்ள ஹாலிடே பார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர்ச் சூட்டைப் போட்டு நிம்மதியாகத் தூங்கட்டும்.

தனியாக ஒரு பேட்டரி கொண்டுபோகலாமா? 100 வாட்-ஹவருக்குள் என்றால் கைப்பையில் போகலாம், பெட்டியில் போடக் கூடாது. 100-இல் இருந்து 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அதற்குமேல் ஏற்ற மாட்டார்கள், ஆகவே இங்கே வாங்கிய பெரிய பவர் ஸ்டேஷனை மறந்துவிடுங்கள். மெஷினை ஏற்றும்போது தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டாம்.

அங்கே பிளக் நம் சதுர மூன்று முனை இல்லை, சாய்ந்த முனை. வோல்ட்டேஜ் நம்முடையதே, 230, அதனால் அடாப்டர் முனை ஒன்று போதும். முஸ்தஃபாவில் கிடைக்கும்.