பாதுஷாவுக்கும் ஒரு வரி

('விருந்து நாளில் சாப்பிட்டதை எழுதி வைப்பது அவசியமா, அனாவசியமா?' என்ற தலைப்பில் 'அவசியமே' அணியின் பேச்சு)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தீபாவளி முடிந்தும் பலகார டப்பா காலியாகாத வீடுகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா பேசும்போது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. "வருஷம் முழுக்க இட்லி இரண்டு, சட்னி ஒரு கரண்டி என்று எழுதுகிறவன் தீபாவளி அன்றைக்காவது பேனாவைக் கீழே வைக்கட்டுமே, ஒரு நாள்தானே!" என்றார். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, இரண்டு இட்லியை எழுதி வைத்து யாருக்கு என்ன லாபம்? அது நேற்றும் இரண்டு, நாளைக்கும் இரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம். எந்த நாளில் கணக்கு கையை விட்டுப் போகிறதோ அந்த நாளுக்காகத்தானே நோட்டே வாங்கினோம்? தெரிந்ததை எல்லாம் எழுதுவேன், தெரியாத அன்றைக்கு மூடி வைப்பேன் என்றால் அந்த நோட்டை அலமாரியிலேயே விட்டிருக்கலாம்.

அப்புறம் அந்த 'ஒரு நாள்தானே'. அதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி எப்போது அடுப்பில் ஏறுகிறது? நான்கு நாள் முன்னாடியே. முறுக்கு சுடுகிற அம்மாவைக் கேளுங்கள், "எண்ணெய் வாசனையிலேயே வயிறு நிறைஞ்சுடுச்சு, நான் ஒண்ணுமே சாப்பிடலை" என்பார். உப்பு பார்க்க ஒன்று, மொறுமொறுப்பு பார்க்க ஒன்று, மாவு மாற்றியதால் திரும்ப ஒன்று. அதெல்லாம் சாப்பிட்டதில் சேராது, பரிசோதனை! தீபாவளி காலையில் எண்ணெய்க் குளியல், லேகியம், இட்லியும் கறிக்குழம்பும். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும். தட்டைச் சும்மா வாங்கி வைக்க முடியாது, கொண்டுவந்தவர் முன்னால் ஒன்றையாவது வாயில் போட்டால்தான் மரியாதை.

சரி, அந்த நாள் முடிந்தது. டப்பா முடிந்ததா? அது சாப்பாட்டு மேசை மேல் இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும். அதில்தான் உடைந்த முறுக்கு வருகிறது, நடுவர் அவர்களே. முழு முறுக்கை எடுத்தால் ஒன்று என்று எண்ணுவோம். உடைந்த துண்டுக்கு நம் ஊரில் எண்ணிக்கையே கிடையாது. போகிறபோது ஒரு துண்டு, வருகிறபோது ஒரு துண்டு, போன் பேசிக்கொண்டே நாலு துண்டு. மைசூர்பா டப்பாவின் அடியில் நெய்யும் சர்க்கரையுமாகப் பொடி தங்கியிருக்கும், அதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுகிறவரிடம் "எத்தனை மைசூர்பா?" என்று கேட்டால், "ஐயோ, நான் தொடவே இல்லை" என்று சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை, பாவம். அவர் கணக்கில் பொடி மைசூர்பா ஆகாது.

இந்த டப்பா காலியாவதற்குள் கார்த்திகைப் பொரி உருண்டை வந்துவிடும். மார்கழி வெண்பொங்கல், தைப் பொங்கல், தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். நடுவில் ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள் கேக், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. ஒவ்வொன்றும் 'ஒரு நாள்தானே'.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் 195 பெரியவர்களை எடை பார்த்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2000ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களுடைய விருந்துக் காலம் நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங்கில் தொடங்கிப் புத்தாண்டு வரை. அந்த ஆறு வாரத்தில் கூடியது சராசரியாக வெறும் 370 கிராம். 'இவ்வளவுதானா' என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் பிறகு வந்த மாதங்களில் அந்த எடை இறங்கவில்லை. வருஷத்தில் ஏறிய எடையில் பெரும்பங்கு அந்த ஆறு வாரத்திலேயே ஏறியிருந்தது. அந்த ஆறு வாரத்தை எழுதாமல் விட்டுவிட்டு மிச்ச வருஷத்தை ஒழுங்காக எழுதினால், "நான் அளவாகத்தானே சாப்பிடுகிறேன், எடை மட்டும் எப்படிக் கூடுகிறது?" என்று நோட்டைப் பார்த்து நாமே குழம்ப வேண்டியதுதான்.

எதிரணி அக்கா உருக்கமாகப் பேசினார்கள். "சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலுக்குக் கூடவா கணக்கு? சந்தோஷத்தில் கணக்கு பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். அக்கா, சாமி கணக்கு பார்த்திருக்கிறார்! சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். திருவமுதுக்கு அரிசி இத்தனை நாழி, நெய்யமுது இவ்வளவு, தயிரமுது இவ்வளவு, கறியமுது, கடைசியில் அடைக்காயமுதாக எத்தனை பாக்கு, எத்தனை வெற்றிலை என்பது வரைக்கும் கல்லில் வெட்டி வைத்தார்கள். படையலின் அளவைச் சுவரில் எழுதியதால் பக்தி குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

சந்தோஷத்தில் கணக்கு கூடாது என்றால் கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் யார், அக்கா? மேளம் கொட்டுகிறது, தாலி ஏறுகிறது, அந்த நேரத்தில் மொய் நோட்டில் "பெரிய மாமா, 501" என்று எழுதுகிறோமே! அதனால் மாமா மேல் பாசம் போய்விட்டதா? நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதற்காக எழுதுகிறோம். வயிற்றுக்குப் போட்ட மொய்யும் அப்படித்தான். திருப்பிச் செய்ய வேண்டியவர் நாம்.

"பந்தியில் உட்கார்ந்துகொண்டு போனைத் தட்ட முடியுமா? சாம்பார் எத்தனை கிராம் என்று பரிமாறுகிறவரைக் கேட்க முடியுமா?" என்றும் கிண்டல் செய்தார்கள். யார் பந்தியில் எழுதச் சொன்னது? சாப்பிடும்போது சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிவிட்டு எழுதுங்கள். தராசு வேண்டாம், செயலி வேண்டாம், கலோரி எண்ணும் வேண்டாம். இலையை மனசில் விரித்தால் போதும். இடது மேல் ஓரத்தில் உப்பு, ஊறுகாய். அங்கிருந்து வலது பக்கமாக நகர்ந்தால் பச்சடி, பொரியல், கூட்டு, அவியல், உருளைக்கிழங்கு வறுவல், வடை. கீழே சாதம், எத்தனை தடவை? பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர். பாயசம் இலையிலா, டம்ளரிலா? இலையில் என்றால் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு இரண்டாவது தடவையும் வாங்கியிருப்பீர்கள். "வடை 2, பாயசம் 2, ஜாங்கிரி 1, சாதம் மூன்று தடவை." ஒரு வரி. இதை எழுத ஆகிற நேரத்தில் பீடாவைக்கூட மென்று முடிக்க முடியாது.

துல்லியமாக இருக்காதே என்பீர்கள். இருக்காதுதான். 1992இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 'எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்னவர்களை இரண்டு வாரம் எழுதச் சொன்னார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் ஏறத்தாழ பாதிதான் குறிப்பில் வந்திருந்தது. எதிரணி இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்பது இது: எழுதும்போதே பாதி நழுவுகிறது என்றால், எழுதாமல் நினைவை மட்டும் நம்பினால் என்ன மிஞ்சும்?

இப்போது எடை மெஷினுக்கு வருகிறேன். விருந்துக்கு மறுநாள் காலை ஏறி நிற்கிறோம். ஒன்றரைக் கிலோ கூடுதல்! இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் "முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு" என்று மறுபடியும் டப்பாவைத் திறக்கிறார்கள். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி உள்ளே போக வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்குப் பதினோராயிரத்துக்கு மேல். மைசூர்பா துண்டுக்கு 200 என்று வைத்துக்கொண்டால்கூட, வழக்கமான மூன்று வேளைக்கு மேல் ஐம்பதுக்கும் அதிகமான துண்டுகளைத் தின்றிருக்க வேண்டும். நோட்டைத் திறந்து பாருங்கள், ஆறு என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் மெஷின் காட்டுவதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. உடம்பு சேமிக்கிற கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள்கிறது. சில நாளில் தானாக இறங்கிவிடும். இந்த நிம்மதியை உங்களுக்குத் தருவது யார்? நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி. எழுதினால் பயம் வரும் என்று எதிரணி சொன்னது. எழுதாதவர்தான் மெஷினைப் பார்த்துப் பயப்படுகிறார்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு மதிப்பிட்டது. இந்த அரங்கிலும் பலர் இருப்பீர்கள், கை தூக்கச் சொல்லப் போவதில்லை. தீபாவளி வாரத்தில் ரத்தப் பரிசோதனை, எண் எகிறியிருக்கிறது. டாக்டர் கேட்கிறார், "சாப்பாட்டில் ஏதாவது மாற்றமா?" நாம் சொல்கிறோம், "வழக்கம்போலத்தான் டாக்டர்." அவர் என்ன செய்வார்? வழக்கமான சாப்பாட்டுக்கே இவ்வளவு என்றால் மாத்திரையைக் கூட்டத்தானே யோசிப்பார்? அதிரசம் போன பிறகும் கூடுதல் மாத்திரை தங்கிவிட்டால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சாப்பாட்டின் மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கோ விருந்து நாள்தான் கணக்கு மிகவும் தேவைப்படுகிற நாள்.

கடைசியாக, எதிரணித் தங்கை பேசியது. அவரை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். கலோரி எண்ணி எண்ணியே சாப்பாட்டைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். 2017இல் வந்த ஓர் ஆய்வையும் சொன்னார். உண்ணுதல் கோளாறு உள்ள 105 பேரில் முக்கால்வாசிப் பேர் ஒரு கலோரி செயலியைப் பயன்படுத்தியவர்கள், அவர்களில் 73 சதவீதம் பேர் தங்கள் நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதினார்கள். ஒத்துக்கொள்கிறேன், தங்கச்சி. அப்படிப்பட்டவர்கள் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர்களுக்குத் தீபாவளி அன்றைக்கு மட்டுமா நோட்டு ஆகாது? சாதாரணச் செவ்வாய்க்கிழமையும்தானே ஆகாது? இன்றைய தலைப்பு, மற்ற நாளெல்லாம் நிம்மதியாக எழுதுகிறவர் விருந்து நாளில் மட்டும் எழுதலாமா வேண்டாமா என்பது. அந்த நாளை மட்டும் ஒளித்து வைத்தால்தான் அது ஏதோ தப்பு செய்த நாள்போல ஆகிவிடுகிறது. பாதுஷா சாப்பிட்டீர்களா? இட்லிக்குக் கீழேயே, அதே மையில், "பாதுஷா 3" என்று எழுதுங்கள். பக்கத்தில் சிவப்புக் கோடு வேண்டாம், 'சே' என்று குறிப்பும் வேண்டாம்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள், நடுவர் அவர்களே. மேடைக்கு வரும் முன் விழாக் குழுவினர் கீழே நம் எல்லோருக்கும் டிபன் கொடுத்தார்கள். எதிரணியில் இருக்கிற மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "எத்தனை போண்டா சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு பரிமாறிய தம்பியைக் கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் தீர்ப்பை அவர்கள் பக்கமே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.