மாசு கலந்த உலோகத்துல ஒலி அலை சொல்றதை நம்பலாமா?

அடுத்த கேள்வி. ஈயத்தை 7.2 கெல்வினுக்குக் கீழே குளிரவச்சா அது மீக்கடத்தி ஆகும், அதாவது மின்தடையே இல்லாம மின்சாரம் ஓடும், அப்போ உள்ளே போற ஒலி அலை தேயறது மளமளன்னு குறையும்னு சொன்னேன் இல்லையா? அதுக்கு ஒருத்தர், "அது சுத்தமான ஈயம் சார். மாசு கலந்த உலோகத்துல எலக்ட்ரான் நாலு அடி வைக்கறதுக்குள்ள முட்டிக்குமே, அந்த அளவீட்டை எப்படி நம்பறது?"ன்னு கேட்டிருக்கார்.

சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. முதல்ல சோதனையைக் கண்ணு முன்னாடி கொண்டுவாங்க. உலோகத்துண்டோட ஒரு முனையில, மின்சாரம் கொடுத்தா அதிர்ந்து ஒலி எழுப்பற குவார்ட்ஸ் வில்லை ஒட்டியிருக்கு. 30 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு சின்ன துடிப்பு அனுப்பறோம். அது மறுமுனையில மோதித் திரும்பி வரும், மறுபடி போகும். திரையில எதிரொலிகள் படிக்கட்டு இறங்கற மாதிரி குறைஞ்சுக்கிட்டே வரும். எவ்வளவு வேகமா இறங்குது, அதுதான் தேய்வு.

அந்த ஆற்றலைத் திருடறது எலக்ட்ரான்கள். மீக்கடத்தி ஆனதும் அதுங்க ரெண்டு ரெண்டா ஜோடி சேரும், அப்படிச் சேர்ந்துட்டா ஒலியால பிரிக்க முடியாது. நல்லா குளிர்ந்த ஈயத்துல ஒரு ஜோடியைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்ல, 30 மெகாஹெர்ட்ஸ் ஒலித்துகளோட (ஒலி ஆற்றலோட மிகச் சின்னப் பொட்டலம்) ஆற்றல் 20,000ல ஒரு பங்குகூட தேறாது. அதனால ஜோடி சேராம மிச்சம் இருக்கறதுங்க மட்டும்தான் திருடும்.

இப்போ மாசுக்கு வருவோம். இந்த ஒலியோட அலைநீளம் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். மாசு நிறைய இருந்தா எலக்ட்ரான் அதுல துளி தூரம்தான் ஓடும். ஓடற தூரம் குறையக் குறைய தேய்வும் குறையும். ஆக, அளக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது! சோதனை செய்யறவங்களுக்கு இதுதான் தலைவலி, கணக்கு இல்ல. அதிர்வெண்ணை ஏத்தி சமாளிப்பாங்க, ஏன்னா தேய்வு அதோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும்.

கணக்கு ஏன் தலைவலி இல்லேன்னா, நாம பார்க்கறது விகிதம். அதே வெப்பநிலையில காந்தப்புலம் கொடுத்து மீக்கடத்தலைக் கலைச்சு, சாதா உலோகத்தோட தேய்வையும் அளந்து வகுக்கறோம். மாசு மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு, அடிபட்டுப் போயிடும். எலக்ட்ரான் ஜோடிகளை வச்சு மீக்கடத்தலை விளக்கின பிசிஎஸ் கோட்பாடு 1957ல வந்தது; அது கொடுத்த அதே விகிதம் மாசு கலந்த உலோகத்துல நெட்டலைக்கும் (போற திசையிலயே முன்னும் பின்னும் அதிரற அலை) பொருந்தும்னு 1961ல சுனெடோங்கற இயற்பியலாளர் காட்டினார். மாறுநிலை வெப்பநிலையில (மீக்கடத்தல் ஆரம்பிக்கற வெப்பநிலை) பாதிக்கு வந்தா, அந்தக் கணக்குப்படி சாதா உலோகத்தோட தேய்வுல சுமார் 7 சதவீதம்தான் மிச்சம்.

போற திசைக்குக் குறுக்கா அதிரற குறுக்கலையில இன்னும் வேடிக்கை. அங்கே சுத்தமான உலோகம்தான் தொல்லை. மாறுநிலைக்குக் கீழே இறங்கின உடனே தேய்வு தொபுக்குன்னு விழும், அதுக்குக் காரணம் ஜோடி இல்ல, மின்காந்தத் திரையிடல், அதாவது அலை கிளப்பற மின்காந்தப் புலத்தை மீக்கடத்தி மறைச்சுடறது. மாசு கூடினா அந்தத் திடீர் வீழ்ச்சி அடங்கி, வளைவு ஒழுங்காகிடும்.

ஒண்ணு விட்டுட்டேன். நான் மாசுன்னு சொன்னது காந்தத்தன்மை இல்லாத மாசு. மாங்கனீசு மாதிரி காந்த அணுக்கள் உள்ளே போனா ஜோடியே உடையும், இந்த விகிதமும் செல்லாது.