மசாய் மாரா, செரெங்கெட்டி சஃபாரி: 15 கிலோவுக்குள்ள பை கட்டுறது எப்படி?

வணக்கம் மக்களே! கென்யா, தான்சானியாவுக்கு டிக்கெட் போட்டாச்சு, பை கட்டுறதுதான் பாக்கின்னா இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

முதல்ல பையே. நைரோபி வில்சன் ஏர்போர்ட்ல இருந்து மாராவுக்குச் சின்ன விமானத்துல போறீங்கன்னா பொதுவா ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் அதுலயே அடக்கம். சாமான் வைக்கிற இடம் ரொம்பக் குறுகல், அதனால சக்கரம் வெச்ச கெட்டிப் பெட்டி ஏறாது. அமுங்கிக் கொடுக்குற துணிப்பை எடுங்க. அழுக்குத் துணி போடக்கூட பாலித்தீன் கவர் வேண்டாம். பிளாஸ்டிக் கேரி பேக்கை கென்யா 2017லயும் தான்சானியா 2019லயும் தடை பண்ணிட்டாங்க. நம்ம மஞ்சப்பை ரெண்டு போதும்.

இப்ப துணி. காக்கி போட்டாதான் சிங்கம் பக்கத்துல வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வண்டிக்குள்ள இருக்குற வரைக்கும் நிறம் பெரிய விஷயமே இல்ல, நடந்து போற சஃபாரிக்குத்தான் மங்கலான நிறம் அவசியம். ஆனா கருப்பும் நீலமும் வேண்டாம், செட்சி ஈன்னு ரத்தம் குடிக்கிற ஈ ஒண்ணு அந்த ரெண்டையும் தேடி வரும். தான்சானியாவோட தாரங்கிரே பூங்கா பக்கம் மரத்துல நீலமும் கருப்புமா துணி தொங்குதுன்னா அது அந்த ஈயைப் பிடிக்க வெச்ச பொறி. மெல்லிசு துணின்னா அதுக்கு மேலயே அந்த ஈ கடிச்சிடும், கொசு கிரீமுக்கும் அவ்வளவா அடங்காது. ஆக, நீல ஜீன்ஸ் வீட்டுலயே இருக்கட்டும். மிலிட்டரி பிரிண்ட் கூடவே கூடாது, சில ஆப்பிரிக்க நாடுகள்ல பொதுமக்கள் அதைப் போடுறதே குற்றம்.

ஆப்பிரிக்கான்னா வெயில்னு மட்டும் நினைச்சுப் போனா காலையில நடுங்கிடுவீங்க. தான்சானியாவுல இருக்குற ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தோட விளிம்பு கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் விடியக்காலையில கூரையைத் திறந்துட்டு போகும்போது காத்து முகத்துல அறையும். பனியன், முழுக்கைச் சட்டை, ஃப்ளீஸ், மேல காத்து புகாத ஜாக்கெட். வெயில் ஏற ஏற ஒண்ணொண்ணா கழட்டிக்கலாம். தொப்பிக்குத் தாடைக் கயிறு இருக்கணும், இல்லன்னா பறந்துடும். அதை எடுக்க வண்டியை விட்டு இறங்க முடியாது!

சட்டை மூணு, பேண்ட் ரெண்டு போதும், நிறைய கேம்ப்ல துவைச்சுத் தருவாங்க. உள்ளாடையை மட்டும் வாங்க மாட்டேன்னு சொல்ற இடம் உண்டு, அதை நீங்களே துவைச்சா வெளியில காயப் போடாதீங்க. ஈரத்துணியில ஒரு வகை ஈ முட்டை வைக்கும், புழு தோலுக்குள்ள போய் கட்டியா வீங்கும். அறைக்குள்ளயே காயவைங்க. வெளியில காய்ஞ்சதுன்னா தையல், எலாஸ்டிக் எல்லாம் சூடா இஸ்திரி போட்டுட்டுதான் போடணும்.

பைனாகுலர் 8x42 எடுங்க, அதாவது 8 மடங்கு பெருசா காட்டுறது, முன் லென்ஸ் 42 மி.மீ. 10 மடங்குன்னா (10x) காட்சி கையில ஆடும். கேமரா லென்ஸுக்கு அடியில வைக்கிற பீன் பேகைக் காலியா கொண்டு போய், அங்க அரிசியோ பீன்ஸோ நிரப்பிக்கோங்க, ஒரு கிலோவுக்கு மேல மிச்சம். பிளக் ரெண்டு நாட்டுலயும் சதுர முள் மூணு உள்ளது, அடாப்டர் வேணும்.

கடைசியா, இந்தியாவுல இருந்து போறவங்களுக்கு. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டுடணும், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. ஊசி போட்டதுக்குக் கொடுக்குற சான்றிதழ் அட்டை இல்லாம திரும்பி வந்தா இங்க ஏர்போர்ட்லயே பிடிச்சு 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். அட்டையில பேரும் பாஸ்போர்ட் நம்பரும் சரியா இருக்கான்னு வாங்கும்போதே பார்த்துடுங்க.